அழுவதற்கு வேண்டிய விவரங்கள்

நூல் தேடிக்கொண்டிருந்தார் உமாபதி. வீடு முழுக்க நூலாகக் கிடக்கிற வீட்டில், செத்துப்போன பெண்டாட்டியின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்ட ஒரு முழ நூல் அவர் கைக்கு அகப்படவில்லை. கடைசியில் தறிக்குப் பக்கத்துக் கூடையிலிருந்து அரக்குப் பட்டிழையில் கொஞ்சம் எடுத்துவந்து அவள் காலடியில் குந்தினார். அறுந்த இழையைக் கண்ணை மூடிக்கொண்டு பிணைக்கிற விரல்கள் அவை. இன்றைக்கு என்னவோ முடிச்சு நிற்கவில்லை. போடப் போட வழுக்கிக்கொண்டு போயிற்று.

"உடு அண்ணா. பட்டு எங்க நிக்கும்" என்றாள் தங்கை அம்சா. பழைய வேட்டியின் ஓரத்தை டர்ரென்று கிழித்து, இரண்டே சுற்றில் கட்டிவிட்டு எழுந்தாள்.

அந்த ஒரு வேலையும் கையை விட்டுப் போனதும் உமாபதிக்கு எங்கே இருப்பது என்று தெரியவில்லை. வாசலில் ஆண்கள் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அங்கே போனால் ஆளாளுக்கு எப்படி ஆச்சு என்று கேட்பார்கள், அதே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. நேற்று வியாழக்கிழமை. வழக்கம்போல மாதர் சங்கத்துப் பெண்களோடு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள், பொழுது சாயத் திரும்பி வந்தாள், அவருக்குச் சோறு போட்டாள், படுத்தாள். காலையில் பால்காரன் குரல் கொடுத்தபோது எழுந்திருக்கவில்லை. ஐம்பத்துநாலு வயது. பிள்ளைகுட்டி இல்லை.

அவர் தறிமேடையின் ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டார். பிள்ளையார்பாளையத்தில் முக்கால்வாசி வீடுகளைப் போல அவர் வீட்டிலும் தறியும் மனிதர்களும் ஒரே கூடத்தில்தான். தறியில் பாதி நெய்த முகூர்த்தப் புடவை. நாலு முழம் தள்ளி, தெற்கே தலை வைத்து ஏலவார்குழலி. இடையில் தறியின் இடப்பக்கத்து மரத்தூண்.

காலையிலிருந்து ஒரு விஷயம் அவரைக் குடைந்துகொண்டிருந்தது. நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் அந்தத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்று மூன்று சேதி சொன்னாள். பதினோராம் நம்பர் கட்டிலில் இருக்கிற கிழவிக்குக் கண் சுத்தமாகத் தெரியவில்லை என்றது ஒன்று. அவளுக்கு உத்திரமேரூர்ப் பக்கம், சின்ன வயதில் ஏரியில் நீந்துவாளாம் என்றது இரண்டு. மூன்றாவதாக என்னவோ சொன்னாள். அவர் அப்போது புட்டாவுக்கு இழை எண்ணிக்கொண்டிருந்தார், எண்ணிக்கை தப்பினால் பூ கோணிப்போகும். "ம்" என்றார். எதற்கு "ம்" என்றார் என்பது நினைவுக்கு வரவில்லை.

அது அந்தக் கிழவியைப் பற்றித்தானா, இல்லை தன்னைப் பற்றியா? சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாளே, எதற்காக நின்றாள்? யோசிக்க யோசிக்க இழை எண்ணிக்கைதான் நினைவுக்கு வந்தது. முப்பத்தெட்டு. அது மட்டும் சுத்தமாக இருந்தது.

ஒன்பது மணிக்கு மாதர் சங்கத்துக்காரர்கள் வந்தார்கள். பதினோரு பெண்கள், நீலக்கரை போட்ட வெள்ளைச் சீட்டிப் புடவையில், தெருவின் ஓரத்தில் ஒருவர் பின் ஒருவராக. அவர்கள் எங்கே போனாலும் அப்படித்தான் போவார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி என்று உமாபதியே பலமுறை கேலி செய்திருக்கிறார். முன்னால் வந்தவள் தலைவி சம்பூர்ணம், வக்கீல் வீட்டம்மாள். மூக்குக்கண்ணாடியும், காலணா அகலத்துக்குக் குங்குமமும். கடைசியில் வந்தவள் கிருஷ்ணவேணி. தென்னேரிக்காரி, மார்க்கெட்டில் காய்க்கூடை வைத்திருப்பவள். அவளுக்கு மட்டும் சங்கத்துப் புடவை கொஞ்சம் கணுக்காலுக்கு மேலேயே நிற்கும். நல்ல உயரம்.

சங்கம் என்றால் உமாபதிக்கு ஆரம்பத்திலிருந்தே இளக்காரம்தான். தையல் வகுப்பு நடத்துவார்கள், பிள்ளைகளுக்குப் பால்பவுடர் கரைத்து ஊற்றுவார்கள், நவராத்திரிக்குச் சுண்டல், தை மாதம் ஆண்டுவிழா, வருஷத்துக்கு ஒருமுறை பஸ் பிடித்து மகாபலிபுரம். வீட்டில் வேலை இல்லாதவர்கள் கூடிப் பேச ஒரு இடம் என்பது அவர் கட்சி. ஆறு வருஷத்துக்கு முன்னால் இந்த ஆஸ்பத்திரி வேலை சேர்ந்தது. அதைப் பற்றி அவருக்கு அரைகுறையாகத் தெரியும். கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை, காதில் விழுந்தது.

பெண்கள் வார்டில் நாதியில்லாத ஒருத்தி செத்துப்போனாளாம். கோயில் வாசலில் பிச்சை எடுத்தவள். சங்கத்துக்காரர்கள் புடவை போர்த்தினார்கள், பூப் போட்டார்கள். எல்லாரும் இரண்டு நிமிஷம் மௌனமாக நிற்கலாம் என்றாள் சம்பூர்ணம். ஏலவார்குழலி ஒத்துக்கொள்ளவில்லை. "சும்மா நிக்கறதுக்கு அந்தப் பொம்பள இன்னா மந்திரியாமா? அழாம ஒருத்திய அனுப்பக் கூடாது" என்றாளாம். நல்ல பேச்சுதான். ஆனால் முன்பின் தெரியாதவளுக்கு எப்படி அழுவது? வக்கீல் வீட்டம்மாவும் கணக்கு டீச்சரும் வாயைப் பொத்திக்கொண்டு விசும்பத்தான் செய்தார்கள். அப்புறம்தான் ஒப்பாரி தெரிந்த ஆள் வேண்டுமென்று மார்க்கெட்டெல்லாம் தேடி, கத்தரிக்காய்க்காரி கிருஷ்ணவேணியைப் பிடித்துவந்து சங்கத்தில் உறுப்பினராக்கினார்கள்.

கிருஷ்ணவேணி முதல்தடவை வழக்கமான பாட்டையே எடுத்துவிட்டாள். ஏழடுக்கு மாளிகை, தங்க ஊஞ்சல், முத்துப் பல்லக்கு. செத்துக்கிடந்தவளோ மடத்துத் தாழ்வாரத்தில் காலம் தள்ளியவள். ஏலவார்குழலி பாதியிலேயே கையைப் பிடித்து நிறுத்திவிட்டாளாம். "பொய் சொல்லி அழாதம்மா. அது வேற யாருக்கோ அழற மாதிரி இருக்குது." அன்றிலிருந்து ஒரு ஏற்பாடு. வியாழன்தோறும் ஏலவார்குழலி கட்டில் கட்டிலாகப் போய் உட்காருவாள், கதை பேசுவதுபோல மூன்று விஷயம் தெரிந்துகொள்வாள். எந்த ஊரில் பிறந்தாள், எது பிடிக்கும், யாருக்காகக் காத்திருக்கிறாள். சாவு விழுந்தால் அந்த மூன்றையும் கிருஷ்ணவேணியிடம் சொல்வாள். அதைப் பிடித்துக்கொண்டு அவள் அழுவாள், மற்றவர்கள் கூட அழுவார்கள். எழுதி வைக்கிற பழக்கம் ஏலவார்குழலிக்கு இல்லை. எல்லாம் மனசில்தான்.

வந்த பெண்கள் யாரையும் எதுவும் கேட்கவில்லை. ஒருத்தி விளக்குக்கு எண்ணெய் விட்டாள், இருவர் தண்ணீர்த் தவலையை எடுத்துக்கொண்டு போனார்கள், காந்தா என்கிற தையல் டீச்சர் ஏலவார்குழலியின் தலையை மடியில் வைத்துச் சிக்கெடுக்கத் தொடங்கினாள். சாவு வீட்டு வேலை அவர்களுக்கு அத்துப்படி. உமாபதி நகர்ந்து நகர்ந்து இடம் விட்டார். தன் வீட்டில் தான்தான் விருந்தாளி என்று அவருக்குத் தோன்றியது.

சிக்கெடுத்துக்கொண்டே காந்தா சொன்னாள். "இந்த முடிய அன்னிக்கு கிரீடத்துக்குள்ள அடைக்கறதுக்குள்ள என் பாடு போதும் போதும்னு ஆயிடுச்சு."

"மீசை ஒட்டலியே, அதச் சொல்லு" என்றாள் இன்னொருத்தி. "ராஜா வசனம் பேசிக்கினே இருக்காங்க, மீசை பாதி தொங்குது."

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது அவர்களுக்கு. உமாபதி ஏறிட்டுப் பார்த்தார்.

"இன்னா ராஜா?"

காந்தா தயங்கினாள். "போன தை மாசம் ஆண்டுவிழா நாடகம்ங்க. அக்காதான் ராஜா. உங்கள முன்வரிசையில ஒக்கார வெக்கணும்னு நாற்காலி கூட போட்டு வெச்சிருந்தாங்க. ஏதோ முகூர்த்தப் புடவை முடிக்கணும்னு நீங்க வரல."

தை மாதம். அன்றைக்கு அவள் வீட்டுக்கு வந்தபோது மூக்குக்குக் கீழே கறுப்பாக என்னவோ ஒட்டியிருந்தது அவருக்கு இப்போது ஞாபகம் வந்தது. அடுப்புக்கரி என்று நினைத்துக்கொண்டார். துடைத்துக்கொள் என்றுகூடச் சொல்லவில்லை. அவள் அதைத் துடைக்காமலே வெகுநேரம் எதிரில் நடமாடிக்கொண்டிருந்தாள்.

குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, புதுப் புடவை சாத்திக் கிடத்தினார்கள். பாடை கட்டுகிறவர்கள் வந்துவிட்டார்கள், வெயில் ஏறுவதற்குள் எடுத்துவிடலாம் என்று வாசலில் குரல் கேட்டது. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொண்டார்கள். எல்லாரும் கிருஷ்ணவேணியைப் பார்த்தார்கள்.

கிருஷ்ணவேணி வாயைத் திறக்கவில்லை. வட்டத்தை விட்டு எழுந்து தறிமேடைக்கு வந்து, உமாபதிக்கு எதிரில் நின்றாள்.

"ஐயா, தப்பா நெனச்சிக்காதீங்க. எனக்கு அந்த மூணு வேணும்."

"இன்னா மூணு?"

"ஊரு, புடிச்சது, காத்திருந்தது. எல்லாருக்கும் அக்கா கேட்டுச் சொல்லும், நான் அழுவேன். அக்காவுக்கு யாரு கேட்டா? அக்கா கிட்ட நாங்க ஒருநாளும் கேக்கலீங்க." அவள் வட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். "ஆறு வருசமா தோள்மேல தோளா ஒக்காந்துக்கினு இருந்தோம். ராஜா வேஷம் தெரியும், சிரிச்சது தெரியும். இது தெரியாது."

சம்பூர்ணம் குறுக்கே வந்தாள். "இன்னிக்கு ஒரு நாள் உனக்குத் தெரிஞ்சதப் பாடேன், வேணி. எல்லாரும் காத்துக்கினு இருக்காங்க."

"மாளிகையும் ஊஞ்சலுமா? அக்கா எழுந்து என் கையப் புடிச்சிரும்மா."

அம்சா உள்ளே இருந்து பதில் சொன்னாள். "ஊருன்னா ஐயம்பேட்டை. அண்ணிய அங்கேருந்துதான் வண்டி கட்டிக் கூட்டியாந்தாங்க."

"சரி. ஒண்ணு ஆச்சு. எது புடிக்கும் அவங்களுக்கு?"

முப்பத்தைந்து வருஷம் ஒரே கூரைக்குக் கீழே குடித்தனம் நடத்தியவர். சந்தேகமே இல்லாமல் சொன்னார். "கத்திரிக்கா கொத்சு. வெள்ளிக்கிழம தவறாம செய்வா."

"அண்ணா" என்றாள் அம்சா, மெதுவாக. "அது உனக்குப் புடிக்கும்னு செஞ்சது. அண்ணிக்குக் கத்திரிக்கா தின்னா ஒடம்பெல்லாம் அரிப்பெடுக்கும். தொடவே மாட்டாங்க."

தெருவில் எங்கோ ஒரு தறி மட்டும் அடித்துக்கொண்டிருந்தது, சாவுச் சேதி இன்னும் எட்டாத வீடு போலிருக்கிறது. கிருஷ்ணவேணி கண்ணைத் துடைத்துக்கொண்டு தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னாள். "வார்டுல செத்துப்போன வாலாஜாபாத் அலமுவுக்குக்கூட மூணும் இருந்துச்சு."

"கருவாட்டுக் குழம்பு" என்றார் உமாபதி.

எல்லாரும் திரும்பினார்கள்.

"வாலாஜாபாத் அலமுவுக்குக் கருவாட்டுக் குழம்பு புடிக்கும். புள்ள பட்டாளத்துக்குப் போயிட்டான், அவன் லெட்டருக்காகக் காத்துக்கினு இருந்தா." தன் வாயிலிருந்து வருவது அவருக்கே விளங்கவில்லை. ஆனால் வந்துகொண்டே இருந்தது. "ஏழாம் நம்பர் கட்டில் வள்ளிக்கு நாவப்பழம். அக்காகாரி வருவான்னு பாத்துக்கினு இருந்தா, வரல. செய்யாறு பொம்பள ஒருத்தி, பேரு சொல்ல மாட்டேன்னுட்டா, அவளுக்கு நாகசுரம் கேட்டா போதும். காலு எடுத்தாங்களே ஒரு அம்மா, அது யாருக்காகவும் காத்துக்கினு இல்ல. சாவுக்குத்தான் காத்துக்கினு இருக்கறேன்னு சொல்லிச்சாம்."

சம்பூர்ணம் கண்ணாடியைக் கழற்றினாள். "இதெல்லாம் உங்களுக்கு யாரு சொன்னது?"

யார் சொல்வார்கள்? ஒவ்வொரு வியாழக்கிழமையும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, கால் கழுவிய ஈரத்தோடு இங்கே நிற்பாள். மறந்துபோகாமல் இருக்க வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பார்க்கிறாள், ஊர்க்கதை பேசுகிறாள், என்று அவர் பாட்டுக்குத் தறியில் நாடாவைத் தள்ளிக்கொண்டிருந்தார். காது மட்டும் அவருக்குத் தெரியாமல் எல்லாவற்றையும் வாங்கி வைத்திருக்கிறது. ஊரில் உள்ள அநாதைப் பெண்கள் அத்தனை பேருக்கும் பிடித்தது அவருக்குத் தெரியும். இவளுக்குப் பிடித்தது தெரியாது.

அவர் எழுந்தார். இரண்டடி நடந்து அந்த மரத்தூணுக்குப் பக்கத்தில் நின்றார். அதில் ஓரிடம் கறுத்து, எண்ணெய் ஏறி, வழவழவென்று இருந்தது. தறிக்குள் உட்கார்ந்து பார்க்கிறபோது கண்ணில் படாத இடம். அவர் தோளுக்கும் கீழேதான் இருந்தது. அவ்வளவு குள்ளமா அவள்?

"இங்கதான் நிப்பா" என்றார். "இந்த எடத்தப் புடிச்சிக்கினு."

கிருஷ்ணவேணி கிட்டே வந்து அந்த இடத்தைப் பார்த்தாள்.

"பேசணும். அதான் அவளுக்குப் புடிக்கும். வேற ஒண்ணும் எனக்குத் தெர்ல. நான் எழை எண்ணிக்கினு இருப்பேன், குனிஞ்ச தலை நிமிர மாட்டேன். சொல்றதெல்லாம் சொல்லி முடிச்சிட்டு அப்பாலயும் கொஞ்ச நேரம் நிப்பா. நான் 'ம்'னுவேன். போயிடுவா." அவர் கிருஷ்ணவேணியின் பக்கம் திரும்பினார். "மூணாவது கேட்டியேம்மா. யாருக்காகன்னு. அது நான்தான். தலை தூக்கிப் பாப்பேனான்னு நின்னுக்கினு இருந்தா."

அவ்வளவு ஆண்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிற வாசலுக்கு எதிரில் இதைச் சொன்னோம் என்பது அவருக்குப் பிற்பாடுதான் உறைத்தது. அப்போது உறைக்கவில்லை. சொல்லவேண்டியது இன்னும் ஒன்று இருந்தது. "நேத்தும் ஏதோ சொன்னா. அது எனக்கு ஞாபகம் இல்ல" என்றார். யாருக்கும் கேட்டிருக்காது, அவ்வளவு சின்னக் குரல்.

கிருஷ்ணவேணி திரும்பிப்போய் வட்டத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பக்கமும் கை போட்டுக்கொண்டு, ஒருமுறை மூச்சை இழுத்தாள்.

"தறிமரத்தப் புடிச்சிக்கினு நின்னவளே – எங்கக்கா
தலைதூக்கிப் பாப்பாருன்னு நின்னவளே"

அதற்கப்புறம் பதினோரு பெண்களும் அழுதார்கள். அம்சா ஓடிவந்து வட்டத்துக்குள் விழுந்தாள். வக்கீல் வீட்டம்மாவின் குரல்தான் எல்லாவற்றிலும் உயர்ந்து கேட்டது, ஆறு வருஷத்தில் அவளும் பழகியிருந்தாள். ஐயம்பேட்டையைச் சொல்லி அழுதார்கள், தொங்கின மீசையைச் சொல்லி அழுதார்கள், ஊரார் கதையைக் கேட்டவளின் கதையைக் கேட்க ஆளில்லை என்று அழுதார்கள். பொய் ஒன்றும் இல்லை அதில். உமாபதி தூணைப் பிடித்துக்கொண்டே நின்றார். அவருக்கு அழுகை வரவில்லை.

பாடை தூக்கினார்கள். சங்கும் சேகண்டியும் முன்னால் போக, கொள்ளிச்சட்டியோடு அவர் நடந்தார். பெண்கள் தெருமுனைவரை வந்து நின்றுகொண்டார்கள். திரும்பிப் பார்க்கக் கூடாது என்றார்கள். அவர் பார்க்கவில்லை. அந்த நீலக்கரைப் புடவைகள் அங்கே வரிசையாக நிற்கும் என்பது மட்டும் முதுகுக்குத் தெரிந்தது.

மயானத்திலிருந்து வந்து குளித்தபோது நடுப்பகல் தாண்டிவிட்டது. எதிர்வீட்டிலிருந்து சோறு வந்தது, கொஞ்சம் பிசைந்தார், வைத்துவிட்டார். ஆட்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். சங்கத்துக்காரர்கள் போகும்போது கூடத்தைக் கழுவி, தவலையைக் கவிழ்த்து, எதை எங்கே எடுத்தார்களோ அங்கே வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அவர்கள் வந்த சுவடே இல்லை. வீடு அவ்வளவு பெரியது என்று உமாபதிக்கு இதுவரை தெரியாது.

பொழுது சாய்ந்தது. அவள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புகிற நேரம். இன்று வெள்ளிக்கிழமை, திரும்புகிற நாளும் இல்லை. ஆனாலும் நேரம் அதுதான்.

கிடத்தியிருந்த இடத்தில் வைக்க விளக்கைத் துடைத்து எடுத்துவந்த அம்சா, அண்ணன் தறிப்பலகையில் ஏறி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் திடுக்கிட்டாள்.

"அண்ணா, இன்னிக்குத் தறியில ஒக்காரக் கூடாதுபா."

"நெய்யல" என்றார்.

கிட்டே வந்த பிறகுதான் அவளுக்கு விளங்கியது. கால்கள் தறியின் மிதிக்குழிக்குள் இல்லை. புடவைக்கு முதுகைக் காட்டி, தூணைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தார். அவள் விளக்கை வைத்து, திரியைத் தூண்டிவிட்டு, சத்தமில்லாமல் அடுக்களைப் பக்கம் போய்விட்டாள். அவர் தலையைத் தூக்கியபடியே இருந்தார்.